கோப்பைத் திறக்கும்போதே திரையைப் பிரித்துக்கொள்ளல்: விம் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வீட்டின் முன்விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் நிரலாக்கம் பழக வருகின்ற மாணவர்களுடன் உட்கார்ந்திருக்கும்போது, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒரு கோப்பை விம் என்ற உரைத்திருத்தியில் திறக்கிறார்கள். அதிலுள்ள ஒரு பெயர் மற்றக் கோப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற சந்தேகம் வருகிறது. திறந்ததை மூடிவிட்டு மற்றதைத் திறந்து பார்த்து, அதையும் மூடிவிட்டு, முதலாவதை மறுபடி திறந்து, விட்ட வரியைத் தேடுகிறார்கள். பார்த்து வந்த பெயர் அதற்குள் பாதி மறந்துபோய்விடுகிறது. இரண்டு கோப்புகளையும் ஒரே கட்டளையில், ஒரே திரையில் திறக்கலாம் என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போல வாசித்து, விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளாகத் தட்டுங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது ஒரே ஒரு விசை. [ஓ] என்றால் சிறிய எழுத்து. [பெரிய ஓ] என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு தட்டும் பெரிய எழுத்து. [பீ] என்பது பேப்பர் என்ற சொல்லின் முதலெழுத்து, [டீ] என்பது டொக்டரின் முதலெழுத்து, [ரீ] என்பது ரீவியின் முதலெழுத்து. கழித்தல் குறிக்கும் அதையடுத்த எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. எழுத்துக்குப் பின்னால் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஓ என்ற எழுத்துக்குப் பதிலாகப் பூச்சியத்தைத் தட்டிவிட்டு, விம் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று குறைப்பட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர்.

சொல் ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் நாங்கள் யன்னல் என்பதைப் பாடநூல் சாளரம் என்கிறது. விம் தன் திரையைப் பிரிக்கும்போது உண்டாகும் ஒவ்வொரு பகுதியையும் இங்கே சாளரம் என்றே குறிப்பிடுகிறேன். அதற்கும் விண்டோஸ் இயங்குதளத்திற்கும் தொடர்பு இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது

கட்டளைகளைத் தட்டும் முனையத்தை (டெர்மினலை) திறந்து "விம் --வேர்ஷன்" என்று தட்டி என்டர் அழுத்துங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிய கணினியில் பெரும்பாலும் விம் கிடைக்காது. [வீ][ஐ] என்ற பெயரில் சுருங்கிய பதிப்பொன்று மட்டும் இருக்கும். அதில் கோப்புகளைத் திருத்த முடியுமென்றாலும், கீழே வரப்போகின்ற ஒப்பீட்டு வசதி அதில் இல்லை. "சூடோ அப்ட் இன்ஸ்டோல் விம்" என்று கொடுத்து முழுப் பதிப்பை நிறுவிக்கொண்டு தொடருங்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஐந்து கோப்புகளை வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு எத்தனை மூடை விளைந்தது என்று கணக்கிடும் நிரல் "நெல்" என்ற கோப்பில் இருக்கிறது. மூடையைக் கிலோவாக மாற்றுவது போன்ற சிறு சிறு செயற்பாடுகள் "அளவை" என்ற கோப்பில் இருக்கின்றன. "குறிப்பு" என்பது நாம் எழுதிவைக்கும் நினைவுக் குறிப்பு. மாரி மழையை நம்பி விதைக்கும் போகத்தின் தரவு "பெரும்போகம்" என்ற கோப்பிலும், குளத்து நீரை நம்பிச் செய்யும் போகத்தின் தரவு "சிறுபோகம்" என்ற கோப்பிலும் உள்ளன.

லினக்ஸில் கோப்புகளுக்கு இப்படித் தமிழிலேயே பெயர் வைக்க முடியும். ஆனாலும் பழகும் காலத்தில் ஆங்கில எழுத்துகளில் பெயர் வைப்பதுதான் வசதி. ரெங்கநாதன் விசைப்பலகைக்கு மாறித் தமிழில் பெயரைத் தட்டிவிட்டு, ஆங்கிலத்துக்குத் திரும்ப மறந்து விம்முக்குள் நுழைந்தால், அங்கே எந்தக் கட்டளை விசையும் வேலை செய்யாது. விம் உறைந்துவிட்டது என்று நினைத்துக் கணினியையே நிறுத்தப் போய்விடுவீர்கள்.

ஒன்றும் சொல்லாமல் திறந்தால் நடப்பது

"விம் நெல் அளவை" என்று கொடுத்துப் பாருங்கள். திரையில் நெல் மட்டுமே தெரியும். அளவையும் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அதற்கென்று சாளரம் ஒதுக்கப்படவில்லை. எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி இட்டு, [என்] தட்டி என்டர் அழுத்தினால் அது வரும். முக்காற்புள்ளி, [எல்][எஸ்] என்று கொடுத்தால் கைவசமுள்ள எல்லாக் கோப்புகளின் பட்டியலும் தெரியும். இதை அறியாமல் முதற்கோப்பிலிருந்தே வெளியேற முயன்றால், இன்னும் ஒரு கோப்பு இருக்கிறது என்று விம் ஒரு தடவை மறுக்கும். உடனே மறுபடியும் கேட்டால் விட்டுவிடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது. நினைவகத்தில் ஏற்றப்பட்ட கோப்பு வேறு, அதைக் காட்டும் சாளரம் வேறு. ஒரே வாவியை வீட்டின் இரண்டு யன்னல்களால் பார்க்கலாம்; யன்னலைச் சாத்தியதால் வாவி வற்றிப்போவதில்லை. அதுபோலவே ஒரு கோப்பின் தொடக்கத்தை ஒரு சாளரத்திலும் முடிவை இன்னொன்றிலும் காட்டலாம், ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் அந்தத் திருத்தம் உடனே தெரியும்.

மூன்று எழுத்துகள்

கோப்புகளுக்குச் சாளரம் ஒதுக்கும்படி விம்மிடம் சொல்வதற்கு மூன்று எழுத்துகள் இருக்கின்றன.

விம் -[ஓ] நெல் அளவை
சிறிய ஓ, இடியப்பத் தட்டுகளை அடுக்கியதுபோலச் சாளரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்.

விம் -[பெரிய ஓ] நெல் அளவை
பெரிய ஓ, கல்லடியில் பழைய பாலமும் புதிய பாலமும் நிற்பதுபோல அவற்றை அருகருகே நிறுத்தும்.

விம் -[பீ] நெல் அளவை குறிப்பு
பீ, ஒவ்வொரு கோப்பையும் ஒரு தனித் தாவலில் வைக்கும். திரையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும், மற்றவற்றின் பெயர்கள் மேல்வரியில் காத்திருக்கும்.

எந்த எழுத்தைக் கொடுத்தாலும் முதலில் எழுதிய கோப்பிலேயே சுட்டி (தட்டும் எழுத்து விழும் இடத்தைக் காட்டும் குறி) நிற்கும். ஆகவே திருத்தப்போகும் கோப்பை முதலிலும் பார்க்கப்போகும் கோப்பை அடுத்தும் எழுதுவது நல்ல பழக்கம்.

அடுக்குவதற்கும் அருகே வைப்பதற்கும் ஒரே எழுத்தின் சிறியதும் பெரியதும் ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விம் வளர்ந்த வரிசையைப் பார்த்தால் அது ஓரளவு விளங்கும். பில் ஜோய் 1976இல் எழுதிய வீஐ என்ற திருத்தியைப் பின்பற்றி பிராம் மூலெனார் உருவாக்கிய விம், 1991இல் அமிகா கணினிக்காக வெளிவந்தது. அப்போது திரையைப் பிரிக்கும் வசதி அதில் கிடையாது. 1994இல் வந்த 3.0 பதிப்பில் சாளரங்கள் வந்தன, ஆனால் ஒன்றன்கீழ் ஒன்றாக மட்டுமே. அருகருகே பிரிப்பது 2001இல் 6.0 பதிப்போடு வந்தபோது சிறிய ஓ ஏற்கெனவே வேலையில் இருந்தது. தாவல்கள் 2006இல் 7.0 பதிப்போடு சேர்ந்தன.

எதை எப்போது

என் அனுபவத்தில் புதியவர்கள் தாவலையே அதிகம் விரும்புகிறார்கள், உலாவியில் பழகிய கை அல்லவா. ஆனால் மேலே சொன்ன சிக்கலுக்குத் தாவல் மருந்தாகாது. ஒன்றைப் பார்க்கும்போது மற்றது மறைந்துவிடுகிறது. அளவையில் உள்ள பெயரைக் கண்ணால் பார்த்தபடியே நெல்லில் எழுத வேண்டுமானால் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். தாவல், இப்போதைக்குத் தேவைப்படாத ஆனால் பிறகு நிச்சயம் தேவைப்படும் கோப்புகளை ஒதுக்கிவைக்கும் இடம்.

அருகருகே வைப்பதா, அடுக்குவதா என்பதைத் திரையின் அளவுதான் தீர்மானிக்கிறது. எங்கள் வகுப்புக்கு வருகின்ற பழைய மடிக்கணினிகள் பெரும்பாலும் 1366க்கு 768 படப்புள்ளி கொண்டவை. ஓர் எழுத்துக்கு 8 படப்புள்ளி அகலமும் 16 படப்புள்ளி உயரமும் என்று வைத்துக்கொண்டால், திரையில் 170 எழுத்து அகலமும் 48 வரி உயரமும் கிடைக்கும். நிரலின் வரிகளை 80 எழுத்துக்குள் அடக்குவது பழைய வழக்கம். அப்படி இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து நடுவில் ஒரு பிரிகோடும் போட்டால் 161 எழுத்து. வரியெண்களுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் 4 எழுத்து கொடுத்தால் 169. அளந்து தைத்த சட்டை மாதிரி அடங்கிவிடுகிறது. மூன்றாவது கோப்பையும் அருகே வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 56 எழுத்துதான் மிஞ்சும், வரிகள் மடிந்து மடிந்து வாசிக்க முடியாமல் போகும். ஆகவே இந்தத் திரைகளில் பெரிய ஓவுக்கு இரண்டு கோப்புகளே எல்லை. அடுக்கினால் வரிகள் மடியாதென்றாலும், மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் எடுத்துக்கொண்டது போக ஒவ்வொரு சாளரத்துக்கும் ஏறக்குறைய 20 வரிதான் கிடைக்கும். நீண்ட வரிகள் கொண்ட தரவுக் கோப்புகளுக்கும், நாலைந்து வரி மட்டுமே கொண்ட குறிப்புகளுக்கும் அடுக்குவது பொருந்தும். நிரலுக்கு நான் எப்போதும் பெரிய ஓவையே எடுக்கிறேன்.

எழுத்துக்குப் பின்னால் இடைவெளியின்றி ஓர் எண்ணையும் சேர்க்கலாம். "விம் -[பெரிய ஓ]2 நெல் அளவை குறிப்பு" என்றால் முதல் இரண்டுக்கு மட்டும் சாளரம் கிடைக்கும், குறிப்பு பட்டியலில் காத்திருக்கும். ஒரே கோப்பைக் கொடுத்து 2 என்று எழுதினால் இரண்டாவது சாளரம் வெறுமையாகத் திறக்கும். அதே கோப்பு இரண்டு தடவை தெரியும் என்று எதிர்பார்த்தவர் ஏமாறுவார். ஒரே கோப்பை இரண்டு சாளரங்களில் பார்ப்பதற்கு இப்படிக் கொடுக்க வேண்டும்:

விம் +[வீ][எஸ்] நெல்

கூட்டல் குறியின் பின்னால் வருவது, கோப்பைத் திறந்தவுடன் விம் தானாகச் செய்ய வேண்டிய கட்டளை. அங்கே வெறும் எண்ணை எழுதினால் அந்த வரிக்கே போய்விடும். நெல்லில் 120ஆம் வரியில் பிழை என்று நிரல் சொல்கிறதென்றால், "விம் -[பெரிய ஓ] +120 நெல் அளவை" என்று திறங்கள். இடப்பக்கத்தில் பிழையுள்ள வரியும் வலப்பக்கத்தில் அளவையும் ஆயத்தமாக இருக்கும். அந்த எண் முதற்கோப்புக்கு மட்டுமே செல்லும்.

தாவலையும் பிரிப்பையும் கலக்கவும் இதே வழிதான். "விம் -[பீ] நெல் குறிப்பு '+[வீ][எஸ்] அளவை'" என்று கொடுத்தால், முதல் தாவலில் நெல்லும் அளவையும் அருகருகே இருக்கும், குறிப்பு இரண்டாம் தாவலில் இருக்கும். நடுவில் இடைவெளி இருப்பதால் அந்தப் பகுதியை மேற்கோள் குறிகளுக்குள் அடைக்க மறக்கக்கூடாது. புதிய சாளரம் இடப்பக்கத்தில் வந்து உட்காரும் என்பதையும் எதிர்பார்த்திருங்கள்.

திறந்த பிறகு நடமாடுவது

கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி [டபிள்யூ] தட்டி, இரண்டையும் விட்டுவிட்டு, மறுபடி [டபிள்யூ] தட்டினால் சுட்டி அடுத்த சாளரத்துக்குப் போகும். இரண்டாவது விசையாக அம்புக்குறியைத் தட்டினால் அந்தத் திசையிலுள்ள சாளரம், சமன் குறியைத் தட்டினால் எல்லாம் சம அளவு, [சீ] தட்டினால் நிற்கும் சாளரம் மூடப்படும், [ஓ] தட்டினால் மற்றவை மூடப்பட்டு அது மட்டும் மிஞ்சும். தாவல்களுக்கிடையே [ஜீ][ரீ] முன்னோக்கியும், [ஜீ][பெரிய ரீ] பின்னோக்கியும் கொண்டுபோகும். எல்லாவற்றையும் ஒருசேர மூட முக்காற்புள்ளி, [கியூ][ஏ]. சேமித்து மூட முக்காற்புள்ளி, [எக்ஸ்][ஏ].

உலாவிக்குள் ஓடுகின்ற முனையத்தில் பழகுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்தால் உலாவி தன்னுடைய தாவலையே மூடிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் முக்காற்புள்ளி இட்டு "வின்சிஎம்டி" என்ற கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு [டபிள்யூ] தட்டுங்கள். அதே வேலை நடக்கும்.

இரண்டு போகங்களை ஒப்பிடுவது

விம் -[டீ] பெரும்போகம் சிறுபோகம்

அருகருகே திறப்பதோடு நில்லாமல், வேறுபடும் வரிகளுக்கு நிறமிட்டு, ஒத்த வரிகளை மடித்துவைத்து, ஒன்றை உருட்டும்போது மற்றதையும் கூடவே உருட்டும் முறை இது. மூடும் சதுர அடைப்புக்குறியையும் [சீ]யையும் அடுத்தடுத்துத் தட்டினால் அடுத்த வேறுபாட்டுக்குப் போகலாம். [டீ][பீ] இங்கே உள்ளதை அங்கே போடும். பீ என்றால் போடு என்று நினைவில் வையுங்கள். [டீ][ஓ] அங்கே உள்ளதை இங்கே எடுக்கும். வரிகள் மிக நீளமாக இருந்தால் "-[டீ] -[ஓ]" என்று இரண்டையும் கொடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒப்பிடலாம். பார்ப்பது மட்டும்தான் நோக்கமென்றால் "-[பெரிய ஆர்]" என்பதையும் சேர்த்துவிடுங்கள். தவறுதலாக மாற்றிச் சேமிக்கப் பார்த்தால் விம் தடுத்துக் கேட்கும்.

ஏற்கெனவே திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை

கட்டளை வரியிலிருந்து கோப்புகளைத் திறப்பவர் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இதைச் சந்தித்தே தீருவார்: திரை நிறைய எழுத்துகளோடு, இ325 என்ற எண்ணோடு, ஓர் எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வாசிக்காமல் என்டரைத் தட்டவும் கூடாது. ஒரு கோப்பைத் திருத்தும்போது விம் அதே அடைவில் (ஃபோல்டரில்) ஒரு மறைவான இடைமாற்றுக் கோப்பை எழுதிக்கொண்டேயிருக்கிறது. 200 எழுத்து தட்டியதும், அல்லது 4 விநாடி கை ஓய்ந்ததும் அது புதுப்பிக்கப்படும். அந்தக் கோப்பு மிஞ்சியிருந்தால் அதற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும்.

ஒன்று, அந்தக் கோப்பு இன்னும் எங்கோ திறந்திருக்கிறது. எங்கள் வகுப்பில் பத்துக்கு எட்டுத் தடவை இதுதான். செய்ததைத் திரும்பப் பெறுவதற்கென்று கண்ட்ரோலோடு இசட்டைத் தட்டுகிறார்கள். முனையத்தில் அது விம்மை உறங்கவைத்துவிட்டுக் கட்டளை வரியைக் காட்டுகிறது. விம் மூடிவிட்டது என்று நினைத்து அதே கோப்பை மறுபடி திறக்கிறார்கள். எச்சரிக்கையில் செயல்முறை எண்ணுக்குப் பக்கத்தில் இன்னும் ஓடுகிறது என்ற குறிப்பு இருந்தால் இதுவே காரணம். [கியூ] தட்டி விலகி, கட்டளை வரியில் [எஃப்][ஜீ] என்று கொடுங்கள்; உறங்கிய விம் விட்ட இடத்திலேயே எழும்பும்.

மற்றது, விம் இடையில் அறுந்துபோனது. மாரியில் மின்சாரம் போய், மின்கலமில்லாத கணினி அணைந்த நாளுக்கு மறுநாள் இதைக் காணலாம். அப்போது [ஆர்] தட்டி மீட்டு, மீண்டுவந்த உரையை ஒரு தடவை வாசித்துச் சேமித்து வெளியேறுங்கள். பிறகு அதே கோப்பைத் திறந்து, எச்சரிக்கை வரும்போது [டீ] தட்டி அந்த இடைமாற்றுக் கோப்பை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே எச்சரிக்கை வரும். பெரிய ஓவால் நாலு கோப்புகளைத் திறந்திருந்த வேளையில் மின்சாரம் போயிருந்தால் எச்சரிக்கையும் கோப்புக்கொன்றாக நாலு தடவை வரலாம்.

முனையத்துக்கு வெளியே திறக்கும் திருத்திகள்

ஜீவிம் என்பது தனக்கென்று இயங்குதளத்தின் ஒரு தனிச் சாளரத்தில் திறக்கும் விம். மேலே சொன்ன எழுத்துகள் எல்லாம் அதற்கும் பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு: திறந்தவுடனேயே முனையத்தை விட்டுவிடும். நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் போன்ற கருவி ஒரு செய்தி எழுதச் சொல்லி அதைத் திறக்கும்போது, நீங்கள் ஒன்றும் எழுதவில்லை என்று எண்ணி வேலையைக் கைவிட்டுவிடும். "-[எஃப்]" என்பதைச் சேர்த்தால் மூடும்வரை காத்திருக்கும். வீஎஸ் கோட் என்ற திருத்தியில் அதே வேலையைச் செய்வது "--வெயிட்". அதன் "கோட்" கட்டளையோடு "-[என்]" கொடுத்தால் புதிய சாளரம், "-[ஆர்]" கொடுத்தால் ஏற்கெனவே திறந்த சாளரம், "-[டீ]" கொடுத்து இரண்டு கோப்புகளை எழுதினால் ஒப்பீடு.

அமைப்பை அப்படியே வைத்துவிட்டுப் போவது

நாளாந்தம் தட்டுவதைச் சுருக்க, வீட்டு அடைவிலுள்ள "புள்ளி பாஷ்ஆர்சி" கோப்பில் ஒரு வரி போதும்:

அலியாஸ் வீவீ='விம் -[பெரிய ஓ]'

சமன் குறியின் இரு பக்கமும் இடைவெளி இருக்கக்கூடாது. புதிய முனையத்தைத் திறந்தபின் [வீ][வீ] என்று தட்டி இரண்டு கோப்புப் பெயர்களைக் கொடுத்தால் போதும்.

சாளரங்களை நுணுக்கமாக அடுக்கிப் பாதி வேலையில் எழும்ப வேண்டியிருந்தால், முக்காற்புள்ளி இட்டு [எம்][கே][எஸ்] கொடுங்கள். எந்தக் கோப்பு எந்தச் சாளரத்தில், எந்தத் தாவலில் இருந்தது என்ற விவரத்தை விம் நிற்கின்ற அடைவில் ஒரு கோப்பாக எழுதிவைக்கும். ஏற்கெனவே அப்படியொரு கோப்பு இருந்தால் மறுக்கும். மேலெழுத வேண்டுமானால் கடைசியில் ஓர் ஆச்சரியக்குறியைச் சேருங்கள். அது சாளரங்களின் அமைப்பைத்தான் சேமிக்கிறது, நீங்கள் எழுதியதை அல்ல. ஆகவே கோப்புகளை வேறாகச் சேமித்துவிட்டே வெளியேற வேண்டும். அடுத்த சனிக்கிழமை அதே அடைவுக்குள் போய் "விம் -[பெரிய எஸ்]" என்று மட்டும் தட்டுங்கள். வேறொரு அடைவில் நின்று தட்டினால், அந்தக் கோப்பைக் காணவில்லை என்று விம் சொல்லும்.